யானிஸ் லேக்கர்ஸுக்கு வருவாரா? டிசம்பர் 15க்குப் பிறகு எந்த வதந்தியை நம்புவது

செந்தூல்_பத்து
திங்கள், 15 டிசம்பர் 2025, இரவு 9.40

காலையிலிருந்து ஒரே கேள்விதான். "யானிஸ் லேக்கர்ஸுக்கு வருகிறாராமே?" தம்பி கேட்டான், வேலையிடத்து நண்பர் கேட்டார், வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர்கூட என் சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், கோடையில் ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரை இன்றிலிருந்துதான் டிரேட் செய்யலாம், அதாவது வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொள்ளலாம். அதனால் வருடா வருடம் டிசம்பர் 15 வந்ததும் வதந்தி கிளம்பிவிடும். டிரேட்டுக்குக் கடைசி நாளான பிப்ரவரி டெட்லைன் வரை ஓயாது.

எனக்கும் ஆசைதான். 2021 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து மில்வாக்கிக்குப் பட்டம் வாங்கித் தந்த மனிதர் அவர். எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் லூக்கா டோன்சிச்சோடு சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை. ஆனால் ஆசைப்படுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். இங்கே பொறுமையாகப் போட்டுப் பார்க்கிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

யானிஸின் இந்தப் பருவச் சம்பளம் சுமார் 54 மில்லியன் டாலர். கால்பந்தில் போலப் பணத்தைக் கட்டி ஆளைத் தூக்கிவர என்பிஏவில் வழியில்லை. சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி, ஆள் வாங்க வேண்டுமானால் ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தை எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். லேக்கர்ஸில் அந்த அளவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர். லூக்காவுக்கு 46 மில்லியன், லெப்ரானுக்கு 52.6 மில்லியன். லூக்காவைக் கொடுத்து யானிஸை வாங்குவதில் அர்த்தமில்லை. லெப்ரானின் ஒப்பந்தத்திலோ டிரேட்டை மறுக்கும் உரிமை எழுதியே இருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அசைக்க முடியாது.

மிச்சம் இருப்பவர்களைக் கூட்டுங்கள். ஹாச்சிமுரா 18, ரீவ்ஸ் கிட்டத்தட்ட 14, வின்சென்ட் பதினொன்றரை, கிளீபர் 11. நான்கு பேரையும் ஒன்றாகக் கட்டினால்தான் 54ஐத் தொடுகிறது. ஒருவருக்கு நான்கு பேர் என்றால் மில்வாக்கி அவர்களை எங்கே உட்கார வைக்கும்? முழு ஒப்பந்த இடம் ஓர் அணிக்குப் பதினைந்துதான். வந்த நால்வருக்கு இடம் பண்ண மூன்று பேரையாவது வெளியே அனுப்ப வேண்டும். அப்படி வருகிறவர்களிலும் எதிர்காலம் என்று சொல்லத்தக்கவர் ரீவ்ஸ் ஒருவர்தான்.

அப்புறம் டிராஃப்ட் தேர்வுகள், அதாவது ஆண்டுதோறும் புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் உரிமை. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். லேக்கர்ஸின் 2027 முதல் சுற்றுத் தேர்வு, முதல் நான்கு இடங்களுக்குள் விழாவிட்டால், யூட்டாவுக்குப் போய்விடும். 2029 தேர்வு லூக்காவுக்காக டல்லஸுக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் எந்த அணியும் நிற்கக்கூடாது என்று விதி. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் தன் அணியின் தேர்வுகளையெல்லாம் கைமாற்றி அணியையே மொட்டையாக்கிவிட்டார். அதற்குப் பிறகு வந்த விதி இது, இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். 2027, 2029 கையில் இல்லையென்றால் 2026, 2028, 2030 மூன்றையும் தொட முடியாது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் போகவும் முடியாது. ஆக 2031 அல்லது 2032, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுக்கலாம்.

யானிஸுக்கு ஒரே ஒரு தேர்வா? 2024ல் மிக்கேல் பிரிட்ஜஸை வாங்க நியூயார்க் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு கொடுத்தது. பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர், ஆனால் யானிஸ் இல்லை.

அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கணக்குக்குள் அடங்காத வதந்தியை எவ்வளவு பெரிய நிருபர் எழுதினாலும் படித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.


தண்ணீர்மலை_தம்பி
திங்கள், இரவு 10.05

அண்ணா, நன்றாகப் புரிந்தது. ஸ்டெப்பியன் விதியை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஒரு சந்தேகம். லூக்காவை டல்லஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்த டிரேட்டுக்கு முன்னால் வதந்தி ஒன்றுகூட வரவில்லையே? கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா?


பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி
செவ்வாய், 16 டிசம்பர், காலை 8.20

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முடியாது.

நான் 2011லிருந்து டல்லஸ் ரசிகன். நோவிட்ஸ்கி மயாமியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கிய வருடம். நம் மலேசிய நேரத்தில் என்பிஏ ஆட்டம் பெரும்பாலும் காலையில்தான் வரும். இரவுப்பணி முடித்து வருகிற எனக்கு அது வசதி. வீட்டுக்கு வந்து குளித்து, ஆட்டம் பார்த்துவிட்டுத் தூங்குவேன். அப்படித்தான் ஏழு வருடம் லூக்காவைப் பார்த்தேன்.

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. சீனப் புத்தாண்டின் ஐந்தாம் நாள், தெருவில் காலையிலிருந்தே வெடிச் சத்தம். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள், நான் விரதத்தில் இருந்தேன். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அம்மா சாம்பாரும் கீரையும் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். கைப்பேசியை எடுத்தால் என்பிஏ நிருபர் ஷம்ஸ் சரானியா எழுதியிருக்கிறார். லூக்கா லேக்கர்ஸுக்கு, ஆந்தனி டேவிஸ் டல்லஸுக்கு. யாரோ அவர் சமூக ஊடகக் கணக்குக்குள் புகுந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். நான் மட்டுமில்லை, உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். பிறகு அவரே இது உண்மை என்று இன்னொரு முறை எழுதினார். அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா விரதத்தில் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்.

லூக்காவுக்கு அப்போது வயது 25. எட்டு மாதம் முன்னால்தான் அணியை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர். அவரோடு கிளீபரும் மார்கீஃப் மோரிஸும் போனார்கள். டல்லஸுக்கு டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 தேர்வு ஒன்று. அவ்வளவுதான். மற்ற அணிகளிடம் விலைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. செந்தூல் அண்ணா சொல்வது போலக் கணக்கு போட்டிருந்தால் சம்பளம் சரியாகத்தான் பொருந்தியிருக்கும். ஆனால் செய்வார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லியிருக்காது.

இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. பதினொரு வருடம் ஒரே தொழிற்சாலை, ஒரே வரிசை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். திங்கள் முதல் கூலிம் கிளையில் வேலை. ஏன் என்று கேட்டேன், மேலிடத்து முடிவு என்றார். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அவளைக் கூட்டிவர யார் இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எட்டு மாதம் பினாங்குத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போய்வந்தேன். அப்புறம் வேறு வேலை பார்த்துக்கொண்டு தீவுக்கே திரும்பிவிட்டேன். லூக்காவுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்தி வந்தபோது அவர் முதலில் தேதியைப் பார்த்தாராம், ஏப்ரல் ஒன்றோ என்று. அதைப் படித்தபோது அந்தக் கடிதத்தை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 9ல் லூக்கா டல்லஸுக்கு வந்து ஆடினார். நமக்கு 10ஆம் தேதி காலை. அறிமுகக் காணொளி ஓடும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார். அழுத கையோடு 45 புள்ளி எடுத்தார். என் அணி தோற்றது. எனக்கு வருத்தமே இல்லை.


பச்சைக்கொடி_பங்சார்
செவ்வாய், பிற்பகல் 1.15

பாயான் லெப்பாஸ் அண்ணா, படித்துவிட்டு மனம் கனத்துவிட்டது. உங்கள் தொழிற்சாலை செய்தது அநியாயம்.

ஆனாலும் டல்லஸ் எடுத்த முடிவில் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோடையில் லூக்காவுக்கு ஐந்து ஆண்டுக்கு 345 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் உடலைப் பேணும் விதம் பற்றி அணிக்குள் கவலை இருந்தது. தற்காப்பு இல்லாமல் பட்டம் வராது என்று மேலாளர் நிக்கோ ஹாரிசன் நம்பினார். நம்பிக்கை தப்பாகிப்போனது, அது வேறு. அவ்வளவு பணத்தை ஒரே ஆளிடம் வைப்பதற்கு முன்னால் யோசிக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

நான் பாஸ்டன் ரசிகன். 2024ல் பட்டம் வாங்கினோம். அடுத்த மே மாதம் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு மாதம் போனதும் ஜ்ரூ ஹாலிடே போர்ட்லாண்டுக்குப் போனார், போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனார். இருவரும் தப்பு செய்யவில்லை. அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும், அதிகச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் வரியும் சேர்த்து 500 மில்லியன் டாலர் வரை போயிருக்கும். நம் பணத்தில் இரண்டு பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல்.

பணத்தைவிடப் பெரிய பயம் இரண்டாவது ஏப்ரன். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2023ல் வந்த புதிய உடன்பாட்டில் வைத்த கோடு அது, இந்தப் பருவத்துக்கு 207.8 மில்லியன். அதைத் தாண்டினால் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது. டிரேட்டில் ரொக்கமும் கொடுக்க முடியாது. ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்றுத் தேர்வும் முடக்கப்படும். பணக்கார முதலாளி இருந்தும் கை கட்டப்பட்டதுதான். அதனால் இப்போது பட்டம் வாங்கிய அணியைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஹாலிடே பச்சைச் சட்டையில் ஓய்வு பெறுவார் என்று நினைத்திருந்தேன். ஆனால் புரிகிறது.


தண்ணீர்மலை_தம்பி
செவ்வாய், பிற்பகல் 1.32

பிரிப்பதற்குக் காரணம் இருக்கலாம் அண்ணா. யாரிடமும் கேட்காமல் ஒரே ஒரு அணியிடம் பேசி முடிப்பதற்கு என்ன காரணம்?


பச்சைக்கொடி_பங்சார்
செவ்வாய், பிற்பகல் 1.50

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஹாரிசனை இந்த நவம்பர் 11ல் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நடுவில் 1.8 விழுக்காடு வாய்ப்பை வைத்துக்கொண்டு டல்லஸ் டிராஃப்ட் குலுக்கலில் முதலிடம் வாங்கி கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. அது அதிர்ஷ்டம், அதைத் திட்டம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.


கோச்_அக்கா_பட்டர்வொர்த்
செவ்வாய், இரவு 8.10

எல்லாரும் 50 மில்லியன் டாலர் சம்பள ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பதினைந்தாவது ஆளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வாரத்தில் மூன்று மாலை பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள், அதில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள். போட்டிக்குப் பன்னிரண்டு பேரைத்தான் பதிய முடியும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரை விட வேண்டும். பட்டியலை ஒட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து ஏன் என்று சொல்லிவிடுவேன். அழுவார்கள். ஆனால் மறுநாள் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள்.

முதல் எட்டுப் பேரை எந்தக் கோச்சும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். அதற்குக் கீழேதான் வேலையே இருக்கிறது. உதாரணத்துக்கு அலெக்ஸ் கரூசோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 டிராஃப்ட்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. லேக்கர்ஸ் 2017ல் இருவழி ஒப்பந்தம் கொடுத்தது. பதினைந்து இடத்துக்கு வெளியே, பாதி நாள் கீழ்நிலை லீக், பாதி நாள் மேலே என்று ஆடுகிற ஒப்பந்தம் அது. (இப்போது ஓர் அணிக்கு இப்படி மூன்று பேர்.) அங்கிருந்து வளர்ந்து 2020 பட்டத்தில் லெப்ரானோடு ஆடினார். அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்தபோது லேக்கர்ஸ் விட்டுவிட்டது. சிகாகோ நான்கு ஆண்டுக்கு 37 மில்லியன் கொடுத்து எடுத்துக்கொண்டது. சம்பளத்தோடு வரியும் கூடுகிறது என்று தயங்கி விட்டுவிட்ட ஆள்.

2024ல் ஓக்லஹோமா என்ன செய்தது? ஜோஷ் கிடியை, ஆறாவதாக டிராஃப்ட் ஆன பையனை, கொடுத்துக் கரூசோவை வாங்கியது. கூடவே ஒரு தேர்வுகூடக் கேட்கவில்லை. ஏமாந்துவிட்டார்கள் என்று நிறையப் பேர் எழுதினார்கள். 2025ல் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் டென்வரோடு ஏழாவது ஆட்டம். தன்னைவிட உயரமான, கனமான டென்வர் நட்சத்திரம் யோக்கிச்சை மறித்து நின்றவர் இந்தக் கரூசோ. பாதங்களைப் பாருங்கள் என்று என் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தை மூன்று முறை போட்டுக் காட்டினேன். ஓக்லஹோமா அந்த வருடம் பட்டம் வாங்கியது.

கரூசோ கைமாறப்போகிறார் என்று எத்தனை வதந்தி வந்திருக்கும்? யார் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்திருப்பார்கள்?


மாபா_அரங்கப்_பழையவர்
செவ்வாய், இரவு 9.30

அக்கா சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கோலாலம்பூர் ஜாலான் ஹாங் ஜெபாட்டில் இருக்கும், மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்துக்கு வேலை முடிந்து நடந்தே போவேன். கூட்டத்தில் தமிழ் முகம் என்று பார்த்தால் நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் இருப்போம். பக்கத்தில் உட்காரும் சீன நண்பர்கள் வேர்க்கடலை நீட்டுவார்கள், அங்கேதான் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டேன். 2016ல் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் ஆசியான் லீக் பட்டத்தை வாங்கியது. இறுதிச்சுற்றில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3க்கு 2 என்று வென்றது.

அந்த லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே மாறிவிடுவார்கள். போன வாரம் கைகுலுக்கிய மனிதர் இந்த வாரம் இருக்கமாட்டார். வதந்தியும் கிடையாது, செய்தியும் கிடையாது, ஆட்டத்துக்குப் போனால்தான் தெரியும். பாயான் லெப்பாஸ் தம்பிக்கு அந்த வெள்ளிக்கிழமை நடந்தது போலத்தான்.

அப்புறம் செந்தூல் தம்பிக்கு ஒரு கேள்வி. லேக்கர்ஸ் பக்கத்துக் கணக்கைப் போட்டுவிட்டீர்கள். மில்வாக்கி பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தீர்களா? விற்கிறவனுக்கு அவசரமா இல்லையா என்று தெரியாமல் விலை பேச முடியாதே.


செந்தூல்_பத்து
செவ்வாய், இரவு 11.20

ஐயா, சரியான கேள்வி. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

மில்வாக்கியின் நிலைமை பாவம்தான். 2023ல் நட்சத்திர ஆட்டக்காரர் டேமியன் லில்லார்டைப் போர்ட்லாண்டிடமிருந்து வாங்கியபோது 2029 முதல் சுற்றுத் தேர்வையும், 2028, 2030 இரண்டிலும் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் போர்ட்லாண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் யானிஸை அனுப்பிவிட்டு வேண்டுமென்றே தோற்று, நல்ல தேர்வு வாங்கி, புதிதாக அணி கட்டும் வழி அவர்களுக்குப் பாதி அடைபட்டிருக்கிறது. தோற்றால் லாபம் போர்ட்லாண்டுக்கு.

லில்லார்டுக்குக் கடந்த ஏப்ரலில் குதிகால் தசைநாண் அறுந்தது. ஜூலையில் அவரை விடுவித்து, மிச்சமிருந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டிவிட்டார்கள். வருடத்துக்கு 22.5 மில்லியன். அப்படிக் கிடைத்த சம்பள இடத்தில் மைல்ஸ் டர்னரை எடுத்தார்கள். லில்லார்ட் போர்ட்லாண்டுக்கே திரும்பிவிட்டார். வேறு அணிச் சட்டை போட்டிருக்கிறவருக்கு மில்வாக்கி 2030 வரை சம்பளம் கட்டும். இதெல்லாம் யானிஸைத் தக்கவைக்கச் செய்தது. அந்த யானிஸே இந்த மாதத் தொடக்கத்தில் கெண்டைக்கால் காயத்தோடு வெளியே போனார், பேச்சு பெரிதாகிவிட்டது.

ஆகவே அவர்கள் விற்றால் ஒரு சிறுவனும் ஒரு தேர்வும் போதாது. தங்களிடம் இல்லாத தேர்வுகளைப் பிற அணிகளிடமிருந்து மூட்டையாகக் கேட்பார்கள். லேக்கர்ஸிடம் அந்த மூட்டை இல்லை. நேற்று நான் சொன்னது இன்னும் உறுதியாகத்தான் ஆகிறது.

ஆனால் தண்ணீர்மலைத் தம்பி கேட்டதற்கு நான் நேற்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எது நடக்க முடியாது என்பதை மட்டும்தான் என் கணக்கு சொல்கிறது. எது நடக்கும் என்பது அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர் ஓர் ஆட்டக்காரனிடம் எதைப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 2019ல் பால் ஜார்ஜை வாங்க கிளிப்பர்ஸ் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளோடு ஒரு மெலிந்த பையனையும் கொடுத்தது. அன்றைக்கு எல்லாரும் தேர்வுகளைத்தான் எண்ணினோம். நானும் எண்ணினேன். அந்தப் பையன் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். 2025ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பட்டமும் இறுதிச்சுற்று விருதும் அவருக்கே. அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் ஜேலன் வில்லியம்ஸாக வந்தது. கிளிப்பர்ஸ் சம்பளக் கணக்கில் ஒரு தப்பும் செய்யவில்லை. கையில் யார் இருக்கிறார் என்பதைத்தான் பார்க்கவில்லை.


பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி
புதன், 17 டிசம்பர், காலை 8.45

அதையேதான் நானும் சொல்ல நினைத்தேன், வார்த்தை வரவில்லை. ஏழு வருடம் கையில் இருந்தவரை டல்லஸ் பார்க்கவில்லை.

ஃபிளாக்கைப் பார்க்கிறேன். நல்ல பையன், ஆட்டம் முடிந்தும் மனதில் நிற்கிறான். ஆனால் அவன் பெயர் போட்ட சட்டை வாங்க இன்னும் கை வரவில்லை. லூக்காவின் 77 எண் சட்டையை மகள் வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறாள்.


தண்ணீர்மலை_தம்பி
புதன், காலை 9.10

டெட்லைன் அமெரிக்காவில் பிப்ரவரி 5, பிற்பகல் 3 மணி. நமக்கு 6ஆம் தேதி வெள்ளி விடியற்காலை 4 மணி. தைப்பூசம் 1ஆம் தேதியே முடிந்துவிடும், விரதம் கிடையாது. பினாங்கில் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமா? கோச் அக்கா, உங்கள் பிள்ளைகளுக்கு அன்று பள்ளி இருக்கும், உங்களால் வர முடியுமா?


கோச்_அக்கா_பட்டர்வொர்த்
புதன், மதியம் 12.40

நான் வருகிறேன். பிள்ளைகள் தூங்கட்டும், மாலையில் பயிற்சியில் சொல்லிக்கொள்கிறேன். பெரிய பெயர்களை நீங்கள் பாருங்கள். யாருடைய பதினைந்தாவது இடம் காலியாகிறது என்பதை நான் எழுதி வைக்கிறேன்.


பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி
புதன், பிற்பகல் 3.05

அன்று எனக்கு இரவுப்பணி. 4 மணிக்கு இடைவேளை கேட்டு வாங்கிக்கொள்கிறேன். தொழிற்சாலைக் கேன்டீனிலிருந்து அழைக்கிறேன், யாராவது போனை எடுங்கள்.